படிக்காத அம்மாவுக்கு ஆய்வுக்காக மூளை ஸ்கேன்: போகலாமா?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம். அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது, பள்ளிக்கூடம் போனதில்லை. ஓராண்டாகப் பேரப்பிள்ளைகளின் பெயர் குழம்புகிறது, அடுப்பில் வைத்ததை மறந்துவிடுகிறார். முதியோர் மறதியை ஆராய வந்த ஒரு குழு அவரை மதுரைக்கு வந்து எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்ள அழைத்திருக்கிறது, பிறகு பெட் ஸ்கேனும் இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. ஸ்கேன் எடுத்தால் அல்சைமர் என்ற மறதி நோயா இல்லையா என்று தெரிந்துவிடுமா, வெள்ளைக்காரர்களின் மூளையை வைத்துப் போட்ட கணக்கு நமக்குப் பொருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதாமல் விட்ட மூன்றாவது கேள்வி ஒன்றும் அதற்குள் இருப்பதாகப் படுகிறது: அம்மாவைச் சோதனைப் பொருளாக்கப் பார்க்கிறார்களோ என்பது. மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். நான் மதுரையில் பல ஆண்டுகளாக ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதிவரும் கதிரியக்க மருத்துவர். நரம்பியல் மருத்துவர் அல்ல. உங்கள் அம்மாவை நான் பார்த்ததும் இல்லை என்பதால் அவருக்கு என்ன நோய் என்று இங்கே ஊகிக்கப் போவதில்லை.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: தெரிந்துவிடாது. எம்.ஆர்.ஐ. படத்தை மட்டும் வைத்து யாருக்கும் அல்சைமர் என்று முத்திரை குத்த முடியாது. அந்த நோயில் முதலில் சுருங்கும் பகுதிகளில் ஒன்று ஹிப்போகாம்பஸ். காதுக்கு உட்புறமாக, மூளையின் இரு பக்கமும் இருக்கும் நினைவுப் பகுதி. அதன் சுருக்கத்தைச் சுழியத்திலிருந்து நான்கு வரை கண்ணால் மதிப்பிட்டு எழுதுவது எங்கள் வழக்கம். ஆரோக்கியமான முதியவருக்கு அது ஆண்டுக்கு ஒன்று, ஒன்றரை சதவீதம் சிறுக்கும்; அல்சைமர் வந்தவருக்கு நான்கு, ஐந்து சதவீதம் சிறுக்கும். இவை நன்றாக நிறுவப்பட்ட அளவுகள். ஆனால் ஒரே ஒரு படம் வேகத்தைக் காட்டாது. இன்று சிறியதாக இருப்பது பிறவியிலேயே சிறியதா, வயதால் சிறுத்ததா, நோயால் சிறுத்ததா என்று அந்த ஒரு படத்திலிருந்து பிரித்துச் சொல்ல இயலாது. ஆனாலும் எம்.ஆர்.ஐ. பயனற்றது என்று நினைத்துவிடாதீர்கள். மறதி என்று வந்தவருக்கு மண்டையோட்டுக்குள் பழைய ரத்தக் கசிவு, மூளைநீர்த் தேக்கம், கட்டி, யாரும் கவனிக்காமல் போன பக்கவாதம் ஆகியவை இருந்தால் படம் காட்டிவிடும். இவற்றில் சில குணப்படுத்தக்கூடியவை. எப்போதோ வழுக்கி விழுந்ததை வீட்டில் எல்லோரும் மறந்திருப்பார்கள். கசிவு மெல்லச் சேர்ந்துகொண்டிருக்கும். 'அறளை பெயர்ந்துவிட்டது, வயதானால் அப்படித்தான்' என்று விட்டுவிடுகிற வீடுகளை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பெட் ஸ்கேன் வேறு வகை. கதிரியக்கம் கலந்த ஒரு மருந்தை உடலில் செலுத்தி, அல்சைமரோடு தொடர்புடைய அமிலாய்டு என்ற புரதம் மூளையில் படிந்திருக்கிறதா என்று அது காட்டும். உயிரோடு இருக்கும் மனிதரின் மூளையில் அந்தப் படிவை மட்டும் பிரித்துப் படமாகக் காட்டிய முதல் ஆய்வு 2004இல்தான் வெளியானது. அதுவரை இறந்தபின் மூளையை வெட்டிப் பார்த்தே உறுதிசெய்ய முடிந்தது. அந்த முதல் மருந்தில் இருந்த கார்பன் 11 இருபதே நிமிடத்தில் பாதியாகிவிடும். இப்போது அதிகம் பயன்படும் ஃபுளோரின் 18 பாதியாகச் சுமார் 110 நிமிடம் ஆகும். இது இயற்பியல் பாடம் போலத் தோன்றினாலும், யாருடைய மூளை ஆய்வில் இடம்பெறுகிறது என்பதை இதுவே பாதி தீர்மானிக்கிறது. சைக்ளோட்ரான் என்ற பெரிய இயந்திரத்தில் தயாரித்த கதிரியக்க மருந்தைச் சென்னையிலிருந்து சாலை வழியாக எட்டு மணி நேரத்தில் மதுரைக்குக் கொண்டுவந்தால், கிளம்பியபோது இருந்த கதிரியக்கத்தில் இருபதில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். ஆகவே உலகெங்கும் அமிலாய்டு படங்கள் பெருநகரப் பல்கலைக்கழகங்களைச் சுற்றியே சேர்ந்தன. அங்கே எளிதாக வந்துபோகக்கூடிய, படித்த, வசதியான மனிதர்களின் மூளைகளே அவற்றில் நிறைந்தன. படத்தில் அமிலாய்டு தெரிந்தாலும் நோய் என்று பொருளல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நினைவு நன்றாக இருப்பவர்களிலேயே ஐம்பது வயதில் பத்தில் ஒருவருக்கும், தொண்ணூறு வயதில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோருக்கும் அந்தப் படிவு இருப்பதாகப் பல நாட்டுத் தரவுகளைத் தொகுத்த கணக்கு காட்டுகிறது.

இனி இரண்டாவது கேள்வி. உங்கள் சந்தேகம் நியாயமானது. மூளைப் படங்களை ஒப்பிட ஒரு பொது வரைபடம் வேண்டும். 1988இல் வெளியாகி நெடுங்காலம் உலகம் முழுவதும் புழங்கிய தலைராக் வரைபடம், அறுபது வயதான ஒரே ஒரு பிரெஞ்சுப் பெண்மணியின் மூளையை வைத்து வரையப்பட்டது. அதன் பின் வந்த மான்ட்ரியல் வரைபடம் 152 பேரின் சராசரி, பெரும்பாலும் இளைஞர்கள். ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2019இல் நூறு இந்தியர்களின் படங்களிலிருந்து ஒரு வரைபடம் உருவாக்கினார்கள். நல்ல தொடக்கம்தான், ஆனால் அவர்களும் இளைஞர்களே. அந்தச் செய்தி வந்தபோது 'இந்தியர் மூளை சிறியது' என்று பத்திரிகைகள் தலைப்புப் போட்டன. எனக்கு எரிச்சல் வந்த தலைப்பு அது. உடல் அளவோடு தலையின் அளவும் மாறும். அதற்கும் அறிவுக்கும் முடிச்சுப் போடுவது அபத்தம். அதில் இருந்த உண்மையான செய்தி, நம் தலையை வேறொரு வடிவத்துக்குள் இழுத்துப் பொருத்தும்போது கணினி ஹிப்போகாம்பஸின் எல்லையைத் தவறாகப் போட வாய்ப்பு இருக்கிறது என்பதுதான். மண்டையோட்டின் உட்கொள்ளளவைக் கணக்கில் எடுத்துத் திருத்தினால் இதில் பெரும்பகுதி சரியாகிவிடும். அதனால் வரைபடம் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை.

என் கவலை ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் விதத்தில். அல்சைமர் பட ஆய்வுகளில் உலகம் அதிகம் மேற்கோள் காட்டுவது 2004இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.டி.என்.ஐ. என்ற கூட்டாய்வு. அதன் தரவுகளை எந்த நாட்டு ஆய்வாளரும் கேட்டுப் பெறலாம். இன்று கணினிக்கு மறதி நோயைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுப்பவர்களில் மிகப் பலர் அந்தப் படங்களைக் கொண்டே கற்றுக்கொடுக்கிறார்கள். அதில் சேருவதற்கு ஆறாம் வகுப்பு வரையாவது படித்திருக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடான வேலை அனுபவம் காட்ட வேண்டும். ஆங்கிலமோ ஸ்பானிஷோ தெரிந்திருக்க வேண்டும். மூளை ரத்தக் குழாய் நோயின் அறிகுறிகள் மிகுதியாக இருக்கக் கூடாது. கூட வந்து பதில் சொல்ல ஒருவர் வேண்டும். சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர், கல்லூரி வரை படித்தவர்கள். அதாவது உங்கள் அம்மா அமெரிக்காவிலேயே வாழ்ந்திருந்தாலும் அதற்குள் நுழைந்திருப்பது கடினம். இந்தக் குறையை அவர்களே உணர்ந்து, 2022இல் தொடங்கிய நான்காம் கட்டத்தில் புதிதாகச் சேர்ப்பவர்களில் பாதிக்கு மேல் இதுவரை விடுபட்ட சமூகங்களிலிருந்து வரவேண்டும் என்று இலக்கு வைத்தார்கள்.

விடுபட்டவர்களைச் சேர்த்தால் முடிவு மாறுமா? மாறும் என்பதற்குச் சில தடயங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் முதியோர் காப்பீட்டில் உள்ள பல்லாயிரம் பேருக்கு அமிலாய்டு பெட் எடுத்த ஒரு பெரிய ஆய்வில், மறதி ஒரே அளவில் இருந்தும், ஆசிய வம்சாவளியினர், கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர் ஆகியோரிடம் வெள்ளையரைவிடக் குறைவான விகிதத்திலேயே அமிலாய்டு தெரிந்தது. 2022இல் வெளியான ஒப்பீடு இது. அந்த 'ஆசியர்' என்ற பெட்டிக்குள் சீனர், ஜப்பானியர், இந்தியர் எல்லோரும் அடக்கம். அதைத் தூக்கிக்கொண்டு வந்து உசிலம்பட்டியில் பொருத்துவது தவறு. ஆனால் என் மேசைக்கு வரும் படங்களோடு அது முரண்படவில்லை. எங்கள் ஊரில் மறதி என்று வருகிற முதியவரின் எம்.ஆர்.ஐ.யில் ஹிப்போகாம்பஸ் சுருக்கத்தோடு கூட, மூளையின் உட்பகுதியில் வெள்ளைத் திட்டுகளும் சின்னச் சின்னப் பழைய அடைப்புகளும் மிகச் சாதாரணமாகத் தெரிகின்றன. பெரும்பாலும் கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தமும் சர்க்கரையும் செய்த வேலை. இதில் எவ்வளவு மறதிக்கு அல்சைமர் காரணம், எவ்வளவுக்கு ரத்தக் குழாய் காரணம் என்று பிரிக்கும் கணக்கு, இரண்டும் சேர்ந்து இருப்பவர்களைக் கழித்துவிட்டு நடத்திய ஆய்வுகளிலிருந்து எப்படிக் கிடைக்கும்? மருத்துவமனைக்கு வருகிறவர்களை மட்டும் பார்க்கும் என் அனுபவம் ஊரின் கணக்கு ஆகிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஊருக்குள் போய்ச் சேகரித்த படங்கள் வேண்டும்.

படத்தை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. அதன் மேல் 'நினைவு நலம்' என்றோ 'மறதி நோய்' என்றோ ஒட்டுகிற சீட்டு சரியாக இருக்க வேண்டும். அந்தச் சீட்டு கேள்வித்தாளிலிருந்து வருகிறது. உலகெங்கும் புழங்கும் வினாவில் இன்று என்ன தேதி என்று கேட்பார்கள், ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்வார்கள். பென்சிலே பிடித்திராத கைக்கு இது மறதிச் சோதனை ஆகாது. ஆங்கிலத் தேதி சொல்லத் தெரியாத பாட்டி, அமாவாசைக்கு எத்தனை நாள் இருக்கிறது, அழகர் ஆற்றில் இறங்கி எத்தனை மாதம் ஆயிற்று என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவார். ஹரியானாவின் பல்லப்கரில் நடந்த இந்திய, அமெரிக்கக் கூட்டாய்வுக்காக எழுத்தறிவில்லாதவர்களுக்கென்றே இந்தியில் ஒரு வினாத்தாள் தயாரித்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வினாத் தொகுப்பு முதலில் சரிபார்க்கப்பட்ட ஐந்து மொழிகள் இந்தி, வங்காளி, தெலுங்கு, கன்னடம், மலையாளம். தமிழ் அந்த ஐந்தில் இல்லை. உங்களை அழைத்திருக்கும் குழு எந்த வினாத்தாளைப் பயன்படுத்துகிறது, அது தமிழில், படிக்காதவர்களிடம் சரிபார்க்கப்பட்டதா என்று தயங்காமல் கேளுங்கள். ஸ்கேன் இயந்திரத்தின் காந்த வலிமை எத்தனை டெஸ்லா என்பதைவிட அது முக்கியமான கேள்வி.

ஸ்கேன் அறைக்குள் நடக்கும் சில விஷயங்கள் ஆய்வுக் கட்டுரைகளில் ஓரிரு வரியில் முடிந்துவிடும். ஆனால் முடிவையே புரட்டக்கூடியவை. எம்.ஆர்.ஐ.யில் தலை அசைந்தால் படம் கலங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கண்ணுக்குக் கலங்கியதாகவே தெரியாத சிறு அசைவும், கணினி அளக்கும்போது மூளையின் புறப்படலத்தை மெலிந்ததாகக் காட்டும். ஆரோக்கியமானவர்களை வேண்டுமென்றே தலையை ஆட்டச் சொல்லி எடுத்த படங்களில் இதை நிரூபித்திருக்கிறார்கள். குழாய்க்குள் படுத்து, தடதடவென்ற சத்தத்தில், என்ன நடக்கிறது என்று யாரும் விளக்காமல் பயந்துபோன கிராமத்து அம்மா, சென்னையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவரைவிட அதிகம் அசைவார். பிறகு கணக்குப் போட்டால் கிராமத்து மூளை சுருங்கியதாக வரும்! தண்ணீரும் அப்படித்தான். பதினாறு மணி நேரம் நீர் அருந்தாமல் இருந்தவர்களின் மூளையின் கன அளவு சராசரியாக அரை சதவீதம் அளவுக்குக் குறைந்து, தண்ணீர் குடித்ததும் மீண்டதை 2005இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வு காட்டியது. முதுமையில் ஓராண்டில் ஏற்படும் சுருக்கமே ஏறக்குறைய அவ்வளவுதான். வழியில் ஒதுங்க இடம் கிடைக்காது என்பதால் முந்தைய இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் பஸ் ஏறி வரும் பெண்களை நான் தினமும் பார்க்கிறேன். உங்கள் அம்மா அப்படி வரவேண்டாம். கார் அனுப்பச் சொல்லுங்கள். ஆய்வுக் குழுக்கள் பெரும்பாலும் அனுப்புவார்கள்.

உலோக விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வாசலில் தகராறு வரும். தாலியைக் காந்தம் இழுக்காது, தங்கம் அப்படிப்பட்டதல்ல. தாலிக் கொடியில் கோத்து வைத்திருக்கும் ஊக்குதான் ஆபத்து. அது இரும்பு, காந்தத்தை நோக்கிப் பாயும். ஆனாலும் கழுத்தில் வளையமாகக் கிடக்கும் எந்த உலோகமும் சூடாகலாம், படத்தையும் கெடுக்கும் என்பதால் கழற்றச் சொல்வார்கள். அப்பா இருக்கிறார் என்றால், முதல் நாளே மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிப் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். மதுரை ஸ்கேன் மையங்களில் புழங்குகிற வழி இது. மூக்குத்தி, மெட்டி, தாயத்து எல்லாம் வீட்டிலேயே கழற்றுவது நல்லது. பல ஆண்டாகக் கழற்றாத மூக்குத்தி என்றால் ஆசாரியிடம் காட்டிவிட்டு வாருங்கள். கண்புரை அறுவை செய்து லென்ஸ் வைத்திருந்தால் கவலை இல்லை, அது பிளாஸ்டிக். இதயத்தில் பேஸ்மேக்கர், மூளை ரத்தக் குழாயில் போட்ட கிளிப் போன்றவை இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சற்று விலகி ஒன்று சொல்ல ஆசை. மனித இனம் ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த பழைய பாதையின் மரபணுத் தடத்தை, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் உங்கள் உசிலம்பட்டியை அடுத்த ஜோதிமாணிக்கத்தில் எடுத்த ரத்த மாதிரியில்தான் கண்டார்கள். சமூகத்துக்குச் சமூகம் உறவுக்குள்ளேயே மணம் செய்து வந்த நாடு இது. 'இந்திய மூளை' என்று ஒரே சராசரி எடுப்பது, எனக்குத் தெரிந்தவரை, 'வெள்ளையர் மூளை'யை நம் மேல் பொருத்துவதற்கு அடுத்த தவறு. ஹைதராபாத்தில் 648 மறதி நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மொழி பேசுவோருக்கு ஒரு மொழி மட்டும் பேசுவோரைவிட நாலரை ஆண்டு தாமதமாக நோய் தொடங்கியது தெரியவந்தது. எழுத்தறிவில்லாதவர்களிடமும் அந்த வேறுபாடு இருந்தது. வீட்டில் சௌராஷ்டிரமும் தெருவில் தமிழும் பேசும் கிழவர்கள் நிறைந்த மதுரையில் அதே கேள்வியோடு ஸ்கேன் எடுத்தால் என்ன வரும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. கல்வி, உணவு, தொழில் என்று மொழியோடு சேர்ந்து வேறுபடுபவை பல இருப்பதால், மொழிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல எவருக்கும் இன்னும் உரிமை இல்லை.

சோதனைப் பொருளாகிவிடுவாரா என்ற சந்தேகத்துக்கு வருகிறேன். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. அமிலாய்டு பெட்டில் உடலுக்குள் போகும் கதிர்வீச்சு ஏறத்தாழ 7 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து மூன்று ஆண்டுகளில் உடல் வாங்கும் அளவு. எழுபது வயதில் அது பெரிய ஆபத்து அல்ல, ஆனால் சொல்லாமல் எடுக்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் வாங்கும்போது குழுவைச் சேராத, படிக்கத் தெரிந்த ஒரு சாட்சி முழு நேரமும் உடனிருக்க வேண்டும். படிவத்தைப் படித்துக் காட்டிய பிறகே கைரேகை. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது, ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் இலவசச் சிகிச்சை தர வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள். தற்செயலாகக் கட்டியோ கசிவோ தெரிந்தால் யார், எத்தனை நாளில் உங்களிடம் சொல்வார்கள் என்று கேளுங்கள். இதற்குத் தடுமாறாமல் பதில் சொல்லும் குழுவை நம்பலாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது: தலையின் எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து முகத்தையே மீட்டு வரைந்துவிடலாம். 2019இல் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனையில், அப்படி மீட்ட முகங்களைப் புகைப்படங்களோடு ஒப்பிட்ட மென்பொருள் பத்தில் எட்டுப் பேரைச் சரியாக அடையாளம் கண்டது. வெளிநாட்டுக்குப் படங்களை அனுப்பும் முன் முகப் பகுதியை அழிக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அழைப்பை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், அதற்கு முன்பே அம்மாவை ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு, பி12, சர்க்கரை, சோடியம் ஆகிய ரத்தப் பரிசோதனைகள் அரசு மருத்துவமனையிலேயே நடக்கும். காது மந்தமா, மனச்சோர்வா, தூக்க மாத்திரை ஏதாவது நெடுநாளாகச் சாப்பிடுகிறாரா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆய்வு ஸ்கேன் இந்த வேலையைச் செய்யாது. அது பொதுக் கேள்விக்கு விடை தேடுவது, உங்கள் அம்மாவின் வைத்தியத்துக்காக அல்ல. அல்சைமரில் மூளையில் சேரும் டவ் என்ற இன்னொரு புரதத்தின் ஒரு வகையை அளக்கும் ரத்தப் பரிசோதனை பற்றிச் செய்திகளில் படித்திருப்பீர்கள். பெட் ஸ்கேன் எட்டாத ஊர்களுக்கு அது பெரிய வழியாகலாம் என்று நானும் நம்புகிறேன். ஆனால் சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதன் அளவு ஏறும். சர்க்கரை நோய் மிகுந்த நம் ஊரில் எந்த அளவுக்கு மேல் 'உண்டு' என்று சொல்வது என்பதை நம் முதியோரிடம் அளந்துதான் தீர்மானிக்க முடியும். அதற்கும் மறுபடி நம்மவர்களின் பெட் படங்கள் தேவை.

என்னைக் கேட்டால், மேலே சொன்ன கேள்விகளுக்குச் சரியான பதில் கிடைத்து, அம்மாவும் மனமுவந்து சம்மதித்தால், அழைத்துச் செல்லுங்கள் என்பேன். இந்தியாவில் அறுபதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய மதிப்பீடு சொல்கிறது. அதே ஆய்வில் படிப்பறிவில்லாதவர்கள், பெண்கள், கிராமத்தினர் ஆகியோரிடம்தான் அது அதிகம். பெங்களூரு மூளை ஆய்வு மையம் கோலார் மாவட்டத்து சீனிவாசபுரத்தில் கிராமத்து மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கும் ஆய்வை நடத்திவருகிறது. அப்படி இங்கும் நடக்க வேண்டும். ஒரு விஷயத்தை மட்டும் வீட்டில் இப்போதே பேசி முடிவெடுங்கள். முதல் ஸ்கேனைவிட, ஓரிரு ஆண்டு கழித்து அதே இயந்திரத்தில் எடுக்கும் இரண்டாவது ஸ்கேன்தான் ஆய்வுக்குப் பெரிதும் பயன்படும். வயல் வேலை, திருவிழா, பிள்ளைகளின் வெளியூர் வேலை என்று நம் பக்கத்தில் இரண்டாம் முறை வராமல் போகிறவர்கள் அதிகம். உடல்நிலை மோசமானவர்களே முதலில் விடுபடுவார்கள் என்பதால் மிஞ்சும் கணக்கு நோயைக் குறைத்துக் காட்டும். அப்போது அம்மாவை அழைத்துவர வீட்டில் யார் பொறுப்பு என்று குழுவிடம் பெயரும் எண்ணும் கொடுங்கள். வர முடியாது என்று தோன்றினால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள், அவர்கள் வீட்டுக்கே வந்து நினைவுச் சோதனையை மட்டுமாவது செய்துகொள்ள ஏற்பாடு செய்யலாம்.